கழற்றலாம் என்றும் சொன்னேன்

அந்த முப்பது நொடி வீடியோவை இதுவரை பதினாறு பேர் எனக்கே அனுப்பிவிட்டீர்கள். போதும். நம் ஊருக்குப் புது பஸ் ஸ்டாண்ட் கட்டுவது பற்றிய கூட்டத்தில் நான் நான்கு நிமிடம் பேசினேன். வீடியோவில் இருப்பது "பஸ் ஸ்டாண்டை மரத்தில் கட்டலாம்" என்ற ஒரு வரி. "கரையானுக்குச் சோறு போடவா?" என்று பின்னாலிருந்து ஒரு அண்ணன் கேட்டார். மண்டபமே சிரித்தது. அடுத்து நான் சொன்னது அதில் இல்லை. கழற்றலாம் என்றேன். வேறு இடத்தில் மறுபடி பூட்டலாம் என்றேன்.

பஸ் ஸ்டாண்ட் ஒரே இடத்தில் நூறு வருடம் இருப்பதில்லை. ஊர் பெருத்தால் புறவழிச்சாலைக்குப் போகிறது. நம் ஊரில் பழையதை ஜே.சி.பி. வைத்து உடைத்தார்கள், உடைத்த கான்கிரீட் ஏரிக்கரையில் கிடக்கிறது. மூன்று வருடமாகத் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருக்கிறோம். புதியதையும் ஒருநாள் இதே மாதிரி உடைக்கத்தான் போகிறோம். கழற்றிப் பூட்டும் கட்டடமாக இருந்தால் தூணும் உத்தரமும் லாரியில் ஏறி அடுத்த ஊருக்குப் போகும். இதைத்தான் சொன்னேன்.

இது கனவு இல்லை. நெதர்லாந்தில் ட்ரியோடோஸ் வங்கி ஒரு ரயில் நிலையத்தை ஒட்டியே 2019-இல் மரத்தில் தலைமையகம் கட்டியது. மொத்தம் 1,65,312 திருகாணிகள் என்று எண்ணியே வைத்திருக்கிறார்கள், பின்னால் பிரித்தெடுக்க வேண்டும் என்பதற்காக. அமெரிக்காவில் போர்ட்லாந்து விமான நிலையத்துக்கு ஒன்பது ஏக்கர் மரக்கூரை. அதைத் தனியாக ஓரிடத்தில் பெரிய பெரிய துண்டுகளாகக் கூட்டி, நிலையத்தை மூடாமலே கொண்டுவந்து ஏற்றினார்கள். அங்கே பயணிகளைத் தகரத்துக்கு அடியில் தள்ளவில்லை.

சரி, கரையான். இந்த நாட்டில் ரயில் பல காலம் சால் மரம், தேக்கு போன்றவற்றின் ஸ்லீப்பர் கட்டைகள் மேலும் ஓடியது, மழையிலும் வெயிலிலும், தரையோடு தரையாக. கட்டடத்தில் தூணை மண்ணில் நடப்போவதுகூட இல்லை, பீடத்தின் மேல் இரும்புக் காலில் நிறுத்துவோம். தீ? மெல்லிய பலகை எரியும். கனத்த உத்தரம் வெளிப்புறத்தில் நிமிடத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர்தான் கருகும், உள்மரம் பாரத்தைத் தாங்கி நிற்கும். இரும்போ 600 டிகிரி வாக்கில் பாதி பலத்தை இழந்துவிடும். ஈரம்தான் உண்மையான பிரச்சினை. சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக்கழகம் மரத்தில் கட்டிய கையா கட்டடத்தில் பூஞ்சை பிடித்ததை நான் மறைக்கவில்லை. நீண்ட இறவாணமும் காற்றோட்டமும் இல்லாமல் நம் ஊரில் மரத்தைத் தொடக்கூடாது. ஆனால் "மரத்தை வெட்டச் சொல்கிறாயா" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான் கேட்பது தோட்டத்தில் வளர்த்த மரம். சிமெண்டுக்காகக் குடைந்த சுண்ணாம்புக்கல் குழியில் எதை மறுபடி நட்டு வளர்ப்பீர்கள்?

மத்தியப் பொதுப்பணித் துறை 1993-இல் கட்டுமானத்தில் மரத்துக்குத் தடை போட்டது. 2020-இல்தான் அது நீங்கியது. இடையில் ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் மர உத்தரத்துக்குக் கணக்குப் போடாமலே வேலைக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் தயங்கினால் புரிகிறது. மண்டபம் சிரித்ததுதான் புரியவில்லை.

என் தாத்தா ஆசாரி. எங்கள் ஓட்டு வீடு முதலில் வேறு ஊரில் இருந்தது. வாங்கி, பிரித்து, ஏழு மாட்டுவண்டியில் ஏற்றி வந்து இங்கே நிறுத்தியவர் அவர். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் நீங்கள் செல்ஃபி எடுக்கிற பழைய வீடுகளும் இப்படிப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியவைதான். அங்கே போனால் "பாரம்பரியம்" என்கிறீர்கள். அதையே பஸ் ஸ்டாண்டுக்குக் கேட்டால் சிரிக்கிறீர்கள். அன்றைக்கு நீங்கள் சிரித்தது என்னைப் பார்த்து மட்டும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. இரவு வீட்டுக்கு வந்தும் அது போகவில்லை.

பிரிப்பதற்கு முன் தாத்தா ஒவ்வொரு பொருத்திலும் உளியால் கோடு வெட்டுவாராம். இரண்டு கோடு போட்ட முளை இரண்டு கோடு போட்ட துளைக்குத்தான் போகும். எங்கள் கூடத்துத் தூண்களின் தலைப்பில் அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன, விரல் வைத்தால் தட்டுப்படும். கரையான் பற்றிக் கேட்ட அண்ணன் ஒருநாள் வீட்டுக்கு வரட்டும். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்க்கலாம்.