எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டுமா?

சபையில் பொறுப்பில் இருப்பவர்களும் ஊழியத்தில் இருப்பவர்களும் இந்தப் பதிவைப் பொறுமையாகக் கடைசிவரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாம் செய்யும் நன்மையையும் ஜெபத்தையும் வெளியே காட்டிக்கொள்வதைக் குறித்து நீண்ட நாட்களாக மனதை அழுத்திக்கொண்டிருக்கும் விஷயம் இது.

"எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள்" என்ற நீதிமொழிகள் 4:23ஐப் பெரும்பாலும் வாலிபர் கூட்டங்களில்தான் பிரசங்கிக்கிறோம். கெட்ட சிநேகம், கெட்ட பழக்கம், கண்ணில் படக்கூடாத படங்கள் ஆகியவற்றிலிருந்து இருதயத்தைக் காத்துக்கொள்ளும்படி சொல்கிறோம். அது சரியான போதனை. ஆனால் மத்தேயு 6ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் இயேசு "எச்சரிக்கையாயிருங்கள்" என்று சொல்வது எதைக் குறித்து? தர்மம், ஜெபம், உபவாசம். மூன்றும் நல்ல காரியங்கள். களவு செய்கிறவன் எந்த நோக்கத்தோடு செய்கிறான் என்று யாரும் உட்கார்ந்து ஆராய்வதில்லை. நன்மை செய்யும்போதுதான் நோக்கம் சத்தமில்லாமல் இடம் மாறுகிறது. அப்படி மாறியவர்களைப் பற்றி அவர் சொன்ன வார்த்தை என்னை எப்போதும் நடுங்க வைக்கிறது: "அவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது." கைதட்டல் கிடைத்துவிட்டது, அதோடு கணக்கு முடிந்தது.

ஒரு ஜெபக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராக ஜெபிக்கிறார்கள். ஒருவர் வழிதவறிப்போன தன் மகனுக்காகக் குரல் உடைந்து ஜெபிக்கிறார். அடுத்தது பக்கத்தில் இருப்பவரின் முறை. அவர் "ஆமென், ஆமென்" என்று சொல்லிக்கொண்டே, தான் சொல்லப்போகும் வாக்கியங்களை மனதுக்குள் கோத்துக்கொண்டிருக்கிறார். எந்த வசனத்தில் தொடங்கலாம், எங்கே குரலை உயர்த்தலாம், போனமுறை சொன்னதையே சொல்லிவிடக் கூடாதே. அந்த மகன் அவர் நினைவில் இல்லவே இல்லை. கண்கள் மூடியிருக்கின்றன, தலை குனிந்திருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. கர்த்தருக்குப் பயப்படும் எந்த மனிதருக்கும் இது நேரக்கூடியதுதான். இருதயத்தைக் காவல்காப்பது என்றால் இந்த இடத்தில் விழித்திருப்பதும் அதில் சேர்ந்ததுதானே?

யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜாவின் கதை இதைத்தான் சொல்கிறது. சாகும் வியாதியிலிருந்து எழுந்தவர். அழுது ஜெபித்து 15 வருட ஆயுளைக் கூடுதலாகப் பெற்றவர். பாபிலோனிலிருந்து விசாரிக்க வந்தவர்களிடம் தேவன் செய்ததைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் வேறெது? அவரோ வெள்ளியையும் பொன்னையும் கந்தவர்க்கங்களையும் ஆயுதசாலையையும் திறந்து காட்டினார். அவர் காண்பிக்காத பொருள் அரண்மனையில் ஒன்றுமில்லை என்று வேதம் எழுதி வைத்திருக்கிறது. அவருடைய இருதயத்தில் இருந்ததை அறியும்படி தேவன் அவரை அந்த வேளையில் சோதித்தார் என்று இரண்டாம் நாளாகமம் 32ஆம் அதிகாரம் சொல்கிறது. அசீரியரின் படையெடுப்பின்போது அசையாமல் நின்றவர், விருந்தாளிகள் முன்னால் தடுமாறினார்.

பவுலைப் பாருங்கள். மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்ட அனுபவம் அவருக்கு உண்டு. 14 வருடங்களுக்குப் பிறகுதான், அதுவும் கொரிந்து சபையார் வேறு வழியில்லாத நிலையை உண்டாக்கியதால், இரண்டாம் கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தில் அதைக் குறித்து எழுதுகிறார். அப்போதும் "நான்" என்று தொடங்கவில்லை, யாரோ ஒரு மனிதனைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்கிறார். கேட்ட வார்த்தைகள் என்ன என்பதைச் சொல்லவே இல்லை. தன்னிடத்தில் காண்கிறதற்கும் கேட்கிறதற்கும் மேலாக ஒருவரும் தன்னை எண்ணிவிடக் கூடாது என்பது அவருடைய கவலை. ஆனால் தன் பலவீனத்தைப் பற்றி அதே அதிகாரத்தில் தாராளமாக எழுதுகிறார்.

நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம் என்பதே என் வேதனை. காலையில் எத்தனை மணிக்கு எழுந்து ஜெபித்தோம் என்பது வெளியே தெரிகிறது. எத்தனை நாள் உபவாசம் என்பது தெரிகிறது. உதவி பெற்றவரின் முகமும், குனிந்த அவருடைய கண்களும் படமாக வருகின்றன, கீழே "தேவனுக்கே மகிமை" என்று எழுதப்படுகிறது. அந்த மனிதரிடம் படம் எடுக்கலாமா என்று கேட்டார்களா? கேட்டிருந்தாலும், அரிசி மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு "வேண்டாம்" என்று சொல்ல அவரால் முடிந்திருக்குமா? இன்னொரு பக்கம், பாவமும் கசப்பும் வீட்டுக்குள் நடக்கும் கொடுமையும் "அந்தரங்கம்" என்ற பெயரில் பத்திரமாகப் பூட்டப்படுகின்றன. மத்தேயு 6இல் அறைவீட்டின் கதவைப் பூட்டும்படி இயேசு சொன்னது ஜெபிப்பதற்காக. தவறு செய்தவரைக் காப்பாற்றவோ, அடிபட்டவரின் வாயை அடைக்கவோ அந்த வசனத்தை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு எழுதியதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது.

"உங்கள் வெளிச்சம் மனுஷர் முன்பாகப் பிரகாசிக்கக்கடவது என்றும் இயேசு சொன்னாரே" என்று கேட்பார்கள். சொன்னார், அதே மலைப்பிரசங்கத்தில் சொன்னார். அந்த வசனத்தைப் பாதியில் நிறுத்தாமல் வாசித்தால், பார்க்கிறவர்கள் பரலோகத்திலிருக்கிற பிதாவை மகிமைப்படுத்த வேண்டும் என்று முடிகிறது. சில நன்மைகளை மறைக்க முடியாது, மறைக்கவும் தேவையில்லை. மருத்துவமனை கட்டினால் ஊருக்குத் தெரியத்தான் செய்யும். நான் கேட்பது வேறு. யாருக்கும் தெரியாத ஏதாவது ஒன்று தேவனுக்கும் நமக்கும் இடையில் மிச்சம் இருக்கிறதா? சொல்லாத ஒரு ஜெபம், பெயர் எழுதாத ஒரு காணிக்கை, நன்றி வராத இடத்தில் தொடர்ந்து செய்யும் ஒரு பணி? அது இருந்தால் மற்றதெல்லாம் வெளியே தெரிந்தாலும் இருதயம் தாங்கும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. "என் நோக்கம் முழுவதும் சுத்தமா?" என்று எந்நேரமும் தோண்டிப் பார்த்துக்கொண்டே இருப்பது. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளில் எகிப்தின் பாலைவனங்களில் வாழ்ந்த துறவிகளுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்களோடு வாழ்ந்த யோவான் காசியன், வீண்புகழ் வெங்காயம் போன்றது என்று மூத்தவர்கள் சொன்னதை எழுதி வைத்திருக்கிறார். ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொன்று. புகழை வெறுத்து ஒதுங்கினால், அப்படி ஒதுங்கியதைப் பற்றியே ஒரு பெருமை முளைக்கும். எனவே நோக்கம் தூய்மையாகும்வரை நன்மையைத் தள்ளிப்போடாதீர்கள். பசித்தவருக்குச் சோறு இன்றைக்குத் தேவை. "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்று தாவீது ஜெபித்தார். ஆராயும் வேலையைத் தேவனிடமே கொடுத்துவிட்டுக் கையில் இருக்கும் காரியத்தைச் செய்வதுதான் ஆரோக்கியம். பவுலும் என்னை நானே தீர்ப்பு செய்வதில்லை என்று கொரிந்தியருக்கு எழுதினார், இருதயங்களின் யோசனைகளைக் கர்த்தர் வந்து வெளிப்படுத்துவார் என்று விட்டுவிட்டார்.

தன் நோக்கத்தையே முழுதாக அறியாதவன், அடுத்தவர் நோக்கத்தை எப்படி அறிவான்? "அவர் பெயருக்காகத்தான் பாடுகிறார்" என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! பொறாமையினால் கிறிஸ்துவைப் பிரசங்கித்தவர்களைப் பற்றிச் சிறையிலிருந்து எழுதியபோதும், எப்படியானாலும் கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார் என்று பவுல் சந்தோஷப்பட்டார்.

முதலில் சொன்ன பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஞானஸ்நானம் எடுத்த மாதத்திலேயே ஒருவர் கையில் மைக்கைக் கொடுத்து மேடையேற்றாதீர்கள். சபையின் கண்காணிப்புக்கு வருகிறவர் நூதன சீஷனாக, அதாவது புதிதாக விசுவாசத்துக்கு வந்தவராக, இருக்கக் கூடாது, இறுமாப்பில் விழுந்துவிடுவார் என்று தீமோத்தேயுவுக்குச் சொல்லப்பட்டது வெறும் நிர்வாக விதி இல்லை. அவர் தனியாக ஜெபிக்க இன்னும் பழகவில்லை. அதற்குள் நூறு பேர் முன்னால் ஜெபிக்கக் கற்றுக்கொடுத்துவிடுகிறோம். நல்ல குரல் இருக்கிறது, கண்ணீரோடு சாட்சி சொல்கிறார், கூட்டம் சேர்கிறது என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். அவருடைய சாட்சியை அடுத்த வருடமும் கேட்கலாம். அதுவரை அவரைப் பின்வரிசையில் உட்கார விடுங்கள், நாற்காலி எடுத்துப் போட விடுங்கள், யாரும் கவனிக்காத நிலையில் ஆண்டவரோடு பேசிப் பழக விடுங்கள்.