இலவசம் என்றுதானே சொன்னீர்கள்?

பல்கலைக்கழகம் விட்ட அந்த மின்னஞ்சல் அறிவிப்பை ஆளாளுக்குப் பகிர்ந்துவிட்டீர்கள், நான் மறுபடி ஒட்டவில்லை. படித்து முடித்தவர்களின் மின்னஞ்சல் கணக்குகளை மாதக் கடைசியில் அழிக்கிறார்களாம், வேண்டியதைத் தரவிறக்கிக்கொள்ள வேண்டுமாம். யார் முடிவெடுத்தது, யாரிடம் கேட்பது, ஒன்றும் இல்லை.

மாணவருக்கு முகவரி கொடுத்தது பல்கலைக்கழகம். அப்படியானால் மெயிலை வைத்திருக்கும் கணினியான சர்வரும் அதன் கையில்தான் இருக்க வேண்டும். அங்கே மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான், இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

எல்லையில்லாத இடம், அதுவும் இலவசம் என்று கூகுள் சொன்னபோது எல்லோரும் கைதட்டி, மெயிலை அங்கே மாற்றினார்கள். 2021இல் அதே கூகுள், இனி ஒரு நிறுவனத்துக்கு மொத்தமே 100 டெராபைட் என்று அறிவித்தது. ஐம்பதாயிரம் கணக்கு இருந்தால் தலைக்கு 2 ஜிபி. அப்புறம் என்ன, பழைய மாணவர்கள்தான் முதலில் வெளியே. ஆராய்ச்சிக் கட்டுரையில் தொடர்புக்கு என்று அச்சான முகவரி இனி செத்துப்போகும். யாராவது அந்தக் கட்டுரையைப் பற்றி எழுதிக் கேட்டால் மெயில் திரும்பி வரும்.

"சொந்த சர்வரில் பாதுகாப்பு இருக்காது" என்று உடனே ஒருவர் வருவார். சரி, 2021 மார்ச்சில் மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான எக்ஸ்சேஞ்சைச் சொந்த சர்வரில் வைத்திருந்தவர்கள் உலகம் முழுக்க அடிவாங்கினார்கள், மறுக்கவில்லை. 2023இல் மைக்ரோசாஃப்டின் கிளவுடுக்குள்ளேயே, அதாவது அந்தக் கம்பெனியே நடத்தும் சர்வர்களுக்குள்ளேயே, ஹேக்கர்கள் புகுந்து அமெரிக்க அரசு அதிகாரிகளின் மெயிலைப் படித்தார்களே, அதை மட்டும் ஏன் யாரும் பேசுவதில்லை? மாணவர்களின் மெயிலை விளம்பரத்துக்காக அலசுவதை நிறுத்திவிட்டோம் என்று கூகுள் அறிவித்தது 2014இல். நிறுத்தினார்கள் என்றால் அதுவரை செய்துகொண்டிருந்தார்கள் என்றுதானே பொருள்?

"நாம் அனுப்பும் மெயில் ஜிமெயிலில் ஸ்பேமுக்குப் போய்விடும்." இது நிஜமான தலைவலிதான், நானே பட்டிருக்கிறேன். ஒரு மாணவன் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டான். விடிவதற்குள் அவன் கணக்கிலிருந்து குப்பை மெயிலாகக் கொட்டி, மெயில் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸின் க்யூ (அனுப்பக் காத்திருக்கும் வரிசை) நிரம்பி, எங்கள் சர்வரின் இணைய முகவரியான ஐபி ஸ்பேம் அனுப்புபவர்களின் கறுப்புப் பட்டியலுக்குப் போய், பேராசிரியர்கள் யாருடைய மெயிலும் வெளியே போகவில்லை. க்யூவைக் காலிசெய்து, பட்டியல்காரர்களுக்கு எழுதி, அவர்கள் எங்களை விடுவிக்கும்வரை வீட்டுக்குப் போகவில்லை. அந்தப் பையனைக் கூப்பிட்டு என் மேசையிலேயே உட்காரவைத்து பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். பயந்துபோயிருந்தான். திட்டவில்லை, டீ வாங்கிக்கொடுத்தேன். இப்போது கணக்கு முடங்கினால் "கம்பெனிக்கு எழுதியிருக்கிறோம்" என்கிறார்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிற வாரத்தில் மாட்டிக்கொண்ட ஒரு பெண், வேலையிலேயே இல்லாத என்னைத் தேடிப்பிடித்துப் பேசினாள். நான் என்ன செய்ய முடியும்?

வேலை போன கடுப்பில் எழுதுகிறான் என்பீர்கள். கடுப்பு இருக்கிறது, ஏன் இருக்கக் கூடாது? "மெயிலை கிளவுடுக்கு மாற்றினால் உங்கள் ஆட்கள் வேறு வேலை பார்க்கலாமே" என்று கூட்டத்தில் இனிப்பாகப் பேசியவர்கள், அடுத்து அந்தப் பணியிடங்களையே எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு நாளைக்கே திரும்ப சொந்த சர்வர் போடலாம் என்றாலும் மெயில் நம்மிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் டிகேஐஎம் கையெழுத்தின் சாவியை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்த ஆள் அங்கே ஒருவரும் இல்லை. பணம் மிச்சம் என்றார்களே, இந்தக் கணக்கை எந்த ஏட்டில் எழுதினார்கள்?

சரி, மாதக் கடைசி நெருங்குகிறது. கணக்கிலுள்ளதைத் தரவிறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் பக்கத்தில் போய் மெயிலை மட்டும் தேர்ந்தெடுங்கள், எல்லா மெயிலும் எம்பாக்ஸ் என்ற வகைக் கோப்பாக வரும், அதைத் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் ஏற்றிக்கொள்ளலாம். முக்கியமாக, வேறு எந்தெந்தத் தளங்களில் இந்த முகவரியைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பார்த்து இப்போதே மாற்றிவிடுங்கள், கணக்கு போன பிறகு பாஸ்வேர்டு மாற்றும் மெயில்கூட வராது. சிக்கினால் கமென்டில் கேளுங்கள், சொல்கிறேன். அந்த வேலைக்குத்தான் இப்போது சம்பளம் வாங்க ஆளில்லையே.