தைப்பூசத்தன்றே தேர்வு வைக்க வேண்டுமா?

சிங்கப்பூரில் படிக்க வந்த எனக்குத் தைப்பூசம் வந்தாலே ஆற்றாமைதான். தீபாவளிக்கு இங்கே பொது விடுமுறை உண்டு, தைப்பூசத்துக்குக் கிடையாது. முன்பு இருந்ததை 1968இல் விடுமுறைப் பட்டியலைக் குறைத்தபோது எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டிலோ 2021 முதல் அன்று அரசு விடுமுறை. அம்மா ஃபோனில், "காவடி பார்த்தியாப்பா?" என்று கேட்கிறார். தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

முந்தின இரவே சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் இருந்து பால்குடங்கள் கிளம்பிவிடும். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை விடிய விடியக் கூட்டம். சீனர்கள்கூடக் காவடி எடுப்பார்கள், அதைப் பார்க்கவே அவ்வளவு ஆசை எனக்கு.

வகுப்பிலோ அமெரிக்கத் தேர்தல் முதல் உக்ரைன் போர் வரை அலசுகிறார்கள். பேசட்டும், நானும்தான் பேசுகிறேன். ஆனால் இதே ஊரில் நடக்கும் திருவிழா இன்றைக்குத்தான் என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவில்லையே! விடுமுறைகூட வேண்டாம். தைப்பூசத் தேதி முன்கூட்டியே தெரிந்ததுதான். தேர்வையாவது மறுநாளுக்குத் தள்ளி வையுங்கள்.