பத்து நாள் கெடு

“விண்டோஸ் 11 பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் ஒரே சொடுக்கில் 10-க்குத் திரும்பிவிடலாம், எதுவும் போகாது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் உண்மை. இதை நம்பி இறங்கினால் வம்பு.

திரும்பும் வசதி, மேம்படுத்திய நாளிலிருந்து 10 நாள் மட்டுமே இருக்கும். பழைய அமைப்பு முழுவதும் சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற கோப்புறையில் கிடக்கிறது. கெடு முடிந்ததும் கணினியே அதை அழித்துவிடும். நாமாக அழித்தாலும் அதே கதிதான். என் தம்பி மூன்றாம் நாளே இடம் போதவில்லை என்று ‘முந்தைய விண்டோஸ் நிறுவல்கள்’ என்ற வரியில் டிக் போட்டுச் சுத்தம் செய்தான். அதோடு திரும்பும் வழி அடைபட்டது. கட்டளைச் சாளரத்தில் தட்டச்சு செய்யும் டிஸ்ம் (DISM) என்ற கட்டளையால் கெடுவை 60 நாள் வரை நீட்டிக்கலாம். அதையும் அந்தப் பத்து நாளுக்குள்ளேயே செய்தாக வேண்டும்.

“எதுவும் போகாது” என்பதும் சரியில்லை. படங்களும் ஆவணங்களும் தங்கும். மேம்படுத்திய பிறகு நிறுவிய மென்பொருள்களும் மாற்றிய அமைப்புகளும் போய்விடும். கெடு தாண்டினால் பென்டிரைவிலிருந்து புதிதாக நிறுவுவதுதான் வழி. அதற்கு முன் கோப்புகளை வேறு டிஸ்க்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் தனியாகச் சேராவிட்டால், திரும்பிப் போன கணினிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது.