காணும் பொங்கலன்று தீம் பார்க் போய் வந்தவள் சொல்கிறேன்

இந்த வருஷம் பொங்கல் வியாழக்கிழமை வந்தது. சனிக்கிழமை காணும் பொங்கல், அடுத்த நாள் ஞாயிறு. நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு என்றதும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தீம் பார்க் பேச்சு கிளம்பிவிட்டது. டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா திறந்ததிலிருந்தே பிள்ளைகளுக்கு யூடியூபில் வேறு வீடியோ கிடையாது. எது தூரம், எது கிட்ட, எதில் டிக்கெட் கம்மி என்று மூன்று நாள் விவாதம் நடந்தது. எந்த நாளில் போவது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் லீவு காணும் பொங்கலுக்குத்தான், அப்புறம் அதில் யோசிக்க என்ன இருக்கிறது? நானும் கேட்கவில்லை. அதற்கான தண்டனையை அனுபவித்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். இப்போது கோடை விடுமுறை வருகிறது, குரூப்பில் மறுபடியும் அதே பேச்சு ஆரம்பித்திருக்கிறது.

கடைசியில் நாங்கள் போன பார்க்கின் பெயர் வேண்டாம். சென்னைக்குத் தெற்கே என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது அன்றைக்கு எந்தப் பார்க்குக்குப் போயிருந்தாலும் நடந்திருக்கும்.

முதலில் தூரத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எங்கள் பக்கத்துக்காரர்களின் தனிக் கணக்கு. எங்கள் வீடு வட சென்னையில், புதுவண்ணாரப்பேட்டையில். மெட்ராஸில் டிக்கெட் வாங்கிக்கொண்டு விளையாடப் போகும் இடம் எல்லாம் எங்களுக்கு எதிர்த் திசையில்தான். வி.ஜி.பி. ஈஞ்சம்பாக்கத்தில், எம்.ஜி.எம். முட்டுக்காட்டில், குயின்ஸ்லேண்ட் பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில். என் பள்ளிக்காலத்தில் பஸ் வைத்துக் கூட்டிப்போன கிஷ்கிந்தா தாம்பரம் பக்கம். இப்போது வந்திருப்பது திருப்போரூர் பக்கம். திருவான்மியூர்க்காரர் எட்டரைக்குக் குளித்துவிட்டுக் கிளம்பினால் போதும். நாங்கள் விடியலில் கிளம்பி ஊரையே நீளவாட்டில் கடக்க வேண்டும். எங்கள் பக்கம் ராயபுரத்துக்கு 1856-லேயே ரயில் வந்துவிட்டது, விம்கோ நகருக்கு 2021-ல் மெட்ரோ வந்துவிட்டது. ராட்டினம் மட்டும் மாசித் திருவிழாவுக்குத் திருவொற்றியூரில் சுற்றினால் உண்டு, இல்லையென்றால் தீவுத்திடல் பொருட்காட்சி.

ஆட்கள் ஒன்பது பேர். நான், வீட்டுக்காரர், என் இரண்டு பிள்ளைகள், அம்மா, காசிமேட்டில் விசைப்படகில் வேலை பார்க்கும் அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர். வேன் காலை ஆறரைக்கு வரச் சொல்லியிருந்தோம். ஏழரைக்குக் கிளம்பினோம். இந்த ஒரு மணி நேரத்துக்கு நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன், புளியோதரை கிளறிக்கொண்டிருந்தது நான்தான். ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துச் சாலை பாதியாகக் கிடக்கிறது. வாசலில் போய் இறங்கியபோது மணி பத்தே முக்கால்.

அங்கே பையைத் திறந்து பார்த்தார்கள். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. டிக்கெட் வாங்கும்போதே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள், படித்தவர் யாரும் எங்களில் இல்லை. ஒன்பது பேர் சாப்பாட்டைக் குப்பையில் போட அம்மா ஒப்புவாரா? வேனுக்குத் திரும்பி நடந்து, பார்க்கிங்கில் நின்றபடியே காலை பதினொரு மணிக்குப் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். பக்கத்தில் ஒரு வேன், அதற்குப் பக்கத்தில் இன்னொரு வேன், அவர்களும் டப்பாவும் கையுமாக நின்றார்கள். எலுமிச்சை சாதக்காரர்கள் எங்களுக்கு ஊறுகாய் கொடுத்தார்கள். அந்த நாளில் வரிசையில் நிற்காமல் கிடைத்த ஒரே பொருள் அந்த ஊறுகாய்தான்.

உள்ளே போனதும் பெரிய ரோலர் கோஸ்டருக்கு ஓடினோம். வாசலுக்குள் நுழைந்த அத்தனை பேரும் அங்கேதான் ஓடியிருந்தார்கள். எனக்கு வேலை பாரிமுனையில் ஒரு கடையில் கணக்கு எழுதுவது. சும்மா நின்றால் கை எண்ண ஆரம்பித்துவிடும். ஒரு சுற்றுக்கு 24 பேர் உட்காருகிறார்கள். தோள் கம்பியைப் பூட்டி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, ஓட்டி, இறக்கி, அடுத்தவர்களை ஏற்ற ஐந்து நிமிடம். மணிக்குப் பன்னிரண்டு சுற்று, 288 பேர். கம்பி வளைவுக்குள் எங்களுக்கு முன்னால் 350 பேராவது இருந்தார்கள். சரி, ஒன்றேகால் மணி நேரம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் நின்றது ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல். ஏன் என்று பாதி வழியில்தான் புரிந்தது. பக்கவாட்டில் இன்னொரு வழி இருக்கிறது, கூடுதல் காசு கொடுத்த சீட்டுக்காரர்களுக்கு. ஒவ்வொரு சுற்றிலும் ஏழெட்டு இருக்கை அவர்களுக்குப் போகிறது. எட்டு என்று வைத்தால் நமக்கு மிச்சம் பதினாறு. மணிக்கு 288 என்பது 192 ஆகிவிடுகிறது. கூட்டம் இல்லாத நாளில் அந்தச் சீட்டை யாரும் வாங்கப்போவதில்லை, வாங்கினாலும் நமக்குத் தெரியப்போவதில்லை. கூட்ட நாளில்தான் அது விற்கும், அன்றைக்குத்தான் நம் வரிசையையும் நீட்டும். காசு இருப்பவர் சீக்கிரம் போகட்டும், எனக்குப் பொறாமை இல்லை. என் பிள்ளை வெயிலில் நிற்கும் அரை மணி நேரத்தை எடுத்துத்தான் அதை விற்கிறார்கள் என்பதுதான் உறுத்துகிறது. சாதா டிக்கெட்டுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்டித்தான் வந்திருக்கிறோம்.

ஒருவழியாக ஏறும் இடத்துக்கு வந்தோம். அங்கே ஒரு கம்பம், 120 சென்டிமீட்டரில் சிவப்புக் கோடு. என் சின்னவள் இரண்டாம் வகுப்பு. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினாள். கம்பத்தில் முதுகை ஒட்டி நின்று, கழுத்தை நீட்டி, மெதுவாகக் குதிகாலை உயர்த்தினாள். அங்கே வேலை பார்க்கும் பையன், இருபது வயசு இருக்கும், அவள் காலைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "பாப்பா, கால் கீழ வை" என்றான். வைத்தாள். கோட்டுக்கும் தலைமுடிக்கும் நடுவில் இரண்டு விரல் இடம். அவன்மேல் தப்பே இல்லை, அந்தக் கம்பி அவள் தோளில் சரியாக உட்காராது. ஆனால் இந்தக் கம்பத்தை வரிசையின் கடைசியில் வைக்கிறவர்களை என்ன சொல்ல? முன்னாலேயே ஒன்று நட்டிருந்தால் ஒரு குழந்தை இத்தனை நேரம் நின்று ஏமாந்திருக்காது. அவள் அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பாட்டி எங்கே என்று மட்டும் கேட்டாள்.

பாட்டி மரத்தடியில் ஒன்பது பேர் பையுடன் உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்க அங்கேயேதான். தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் உடுப்பு வேண்டும், பருத்திச் சேலையோடு இறங்க முடியாது. அம்மா ராட்டினமும் ஏற மாட்டார். மூத்தோர் சலுகை போக மீதியைக் கட்டி அவரைக் காவலுக்குக் கூட்டிப்போனது போல ஆகிவிட்டது. லாக்கருக்குக் கொடுத்திருந்தால் அதில் கால்வாசிகூட ஆகியிருக்காது என்று வீட்டுக்காரர் சொன்னார். அம்மா காதில் விழும்படியே சொன்னார், அது வேறு கதை.

அன்றைக்கு மொத்தம் ஐந்து ராட்டினம். வரும்போது மெரினா கூட்டத்துக்குப் பயந்து அண்ணா சாலை வழியாக வந்தோம். எங்களைப் போலப் பயந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். வீட்டுக்கு வந்தபோது இரவு பதினொன்றரை. டிக்கெட் ஒரு ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறை ஒட்டி. ஐந்தால் வகுத்தால் ஒரு ராட்டினத்துக்கு முந்நூறு ரூபாய். வேன், மத்தியானச் சாப்பாடு, சின்னவளைச் சமாதானப்படுத்திய ஐஸ்கிரீம் எல்லாம் தனி.

பண்டிகை என்றால் கூட்டம் இருக்கத்தான் செய்யும், அதில்தானே மஜா என்பார்கள். மெரினாவுக்கு அது சரி. காணும் பொங்கலன்று மெரினாவில் கூட்டமேதான் வேடிக்கை. போலீஸ்காரர்கள் பிள்ளைகள் கையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய பட்டையைக் கட்டி விடுவார்கள், கடலில் இறங்காமலிருக்கச் சவுக்குக் கட்டையால் தடுப்பு கட்டியிருப்பார்கள், மணலில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரித்தால் யாரும் பையைத் திறக்கச் சொல்ல மாட்டார்கள். காசு கட்டிப் போகும் இடத்தில் நமக்கு முன்னால் நிற்கும் ஒவ்வொரு ஆளும் நாம் கட்டிய காசில் கொஞ்சத்தைக் கரைக்கிறார். வரிசை எங்களுக்குப் புதிதல்ல. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். அந்த லாரிக்காரர்கள் யாரும் அங்கே நிற்க டிக்கெட் எடுத்துக்கொண்டு வருவதில்லை.

அதனால் இந்த முறை குரூப்பில் நான் முதலில் போட்ட செய்தி, "எந்த பார்க் என்று அப்புறம் பேசலாம், முதலில் தேதி." மே 1 வெள்ளிக்கிழமை, சனி ஞாயிறோடு மூன்று நாள் சேர்கிறது, அது வேண்டவே வேண்டாம். சனி ஞாயிறும் வேண்டாம். பள்ளி லீவு மாதங்களில் வார நாளிலும் கூட்டம் இருக்கும், ஆனால் பெரியவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், பிள்ளைகளைக் கூட்டிவர ஆள் குறைவு. செவ்வாய் புதன் போன்ற நடுவாரமாக இருக்கட்டும். (வண்டலூர் பூங்காவுக்குப் போகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அங்கே செவ்வாய்க்கிழமை விடுமுறை.) எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரு நாள் சம்பளம் போகும். போகட்டும், ஐந்து ராட்டினத்துக்குப் பதில் பன்னிரண்டு ஏறினால் கணக்கு நேராகிவிடும்.

இந்த யோசனையை அண்ணனிடம் சொன்னபோதுதான் என் கணக்கில் ஓட்டை இருப்பது தெரிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பிள்ளைகளுக்கு லீவு விடும் அதே சமயத்தில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். "செவ்வாய்க்கெழமை இன்னா, எந்தக் கெழமை வேணா வரேன். கையில நேரம் நெறைய கீது, காசுதான் இல்ல" என்றார். அரசு கொடுக்கும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அவர் வீட்டு நாலு பேர் ஒரு நாள் பார்க் போய் வந்தால் அதில் பெரும்பகுதி முடிந்துவிடும். கடல் திறந்து கையில் காசு புரளும்போது பள்ளிக்கூடம் திறந்துவிடுகிறது. லீவு போட்டால் கூலி போகிற வீட்டில் போய் வார நாளில் போங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. காணும் பொங்கலன்று அந்த வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் அண்ணன் மாதிரி காசும் லீவும் சேர்ந்தாற்போல் வேறு நாள் கிடைக்காதவர்கள்தான். டிக்கெட்டில் பள்ளி குரூப்புக்குச் சலுகை, கல்லூரிக்குச் சலுகை எல்லாம் வைக்கிறார்கள். தடைக்காலத்தில் மீனவர் அட்டையைக் காட்டினால் வார நாளில் பாதி விலை என்று ஒரு பார்க் அறிவித்துப் பார்க்கட்டும், எங்கள் பக்கத்திலிருந்து வேன் வேனாக வருவார்கள்.

இப்போதைக்கு வீட்டுச் சீட்டுப் பணத்தில் நான் எடுத்துப் போடுகிறேன், ஆகஸ்டில் திருப்பித் தரட்டும் என்று பேசி முடித்திருக்கிறோம். அண்ணிக்கு அரை மனசுதான்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். வேன் ஐந்தரைக்கு, இட்லியை வழியிலேயே முடித்துவிட வேண்டும். வாசல் திறக்குமுன் அங்கே நின்றுவிட வேண்டும், உள்ளே போனதும் முன்னால் தெரிகிற ராட்டினத்தை விட்டுவிட்டுக் கடைசியில் இருப்பதற்கு நடக்க வேண்டும். தண்ணீர்ப் பகுதி திறந்ததும் ஊரே அந்தப் பக்கம் ஓடும், அப்போதுதான் இந்தப் பக்கத்து வரிசை கரையும். சாப்பாடு பன்னிரண்டுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஒரு மணிக்குக் கேன்டீனில் நிற்பதும் ரோலர் கோஸ்டருக்கு நிற்பதும் ஒன்றுதான், கேன்டீனில் கம்பி வளைவு இல்லை, அவ்வளவே. கத்திரி மே 4-ல் தொடங்கி 28 வரை போகும். தண்ணீர்ப் பகுதியின் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நடக்கவே முடியாது, பிள்ளைகளுக்கு ரப்பர் செருப்பு கட்டாயம். அம்மா இந்தத் தடவை வரவில்லை. கூப்பிட்டோம், "அந்த மரத்தடியில உக்கார நான் எதுக்கு அவ்ளோ தூரம் வரணும்" என்று சொல்லிவிட்டார். பைக்கு லாக்கர்.

தேதி மே 12, செவ்வாய்க்கிழமை. சின்னவள் பொங்கலிலிருந்து சமையலறை வாசக்காலில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வருகிறாள். நேற்று அளந்தபோது 119-க்குக் கொஞ்சம் மேலே இருந்தது. இன்று காலையில் மறுபடி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள், குதிகாலைத் தூக்கவில்லை. ஒரு மாசத்தில் மீதி வளர்ந்துவிடுவேனா என்று அவள் கேட்க, அம்மா முருங்கைக்கீரையை உருவ உட்கார்ந்துவிட்டார்.