நடுப்படத்தை மட்டும் போட்டால் பாதிக் கதைதான்

ஆங்கில ஓவியர் அகஸ்டஸ் எக் 1858-ல் வரைந்த 'பாஸ்ட் அண்ட் பிரசன்ட்' (கடந்த காலமும் நிகழ்காலமும்), மனைவியின் கள்ள உறவால் சிதையும் குடும்பத்தைக் காட்டும் மூன்று ஓவியங்களின் தொகுதி. இதைப் பற்றி வந்த ஒரு கட்டுரையில் நடுப்படம் மட்டும் இருப்பதால் 'கணவன் காலடியில் விழுந்த மனைவி' என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. வரிசையாக மாட்டினால் நடுவில் வருவதுதான் காலத்தில் முதல் காட்சி. பக்கப்படங்கள் இரண்டும் சில ஆண்டுகள் கழித்து, ஒரே இரவில் நடப்பவை. இரண்டிலும் ஒரே நிலா, அதன் கீழே ஒரே மேகத் துணுக்கு. மகள்கள் ஏழ்மையான அறை ஜன்னலிலிருந்து பார்க்கும் நிலாவைத் தாய் தேம்ஸ் கரை வளைவின் அடியிலிருந்து பார்க்கிறாள். அவள் சால்வைக்குள்ளிருந்து ஒரு குழந்தையின் கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைச் சின்ன அச்சுப்படத்தில் கண்டுபிடிக்கவே முடியாது.

நடுப்படத்தில் பாதி ஆப்பிள் தரையில், மறுபாதியில் கத்தி. சுவரில் மனைவியின் உருவப்படத்துக்குக் கீழே ஏதேன் தோட்டத்திலிருந்து துரத்தப்படும் காட்சி, கணவனுடையதற்குக் கீழே கைவிடப்பட்ட கப்பல். குழந்தைகளின் சீட்டுக்கட்டு வீடு பால்சாக் நாவல் மேல் நின்று சரிகிறது. அதாவது பிரெஞ்சு நாவல் படித்தால் இந்தக் கதிதான் என்கிறார் எக்! அளவுக்கு மீறிய உபதேசம்தான்.

முந்தைய ஆண்டின் (1857) விவாகரத்துச் சட்டத்தையும் கட்டுரை சேர்த்திருக்கலாம். அதன்படி இங்கிலாந்தில் விவாகரத்து பெற மனைவியின் கள்ள உறவு ஒன்றே கணவனுக்குப் போதுமானதாக இருந்தது. மனைவி விவாகரத்து கேட்டால் கணவனின் கள்ள உறவோடு கொடுமை, இரண்டு ஆண்டு கைவிடல் போன்ற இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. கள்ளக்காதலனோ படத்திலேயே இல்லை; கணவனின் காலடியில் மிதிபடும் சிற்றுருவப் படமாக மட்டும் கிடக்கிறான்.