அந்த ஐந்து நிமிஷம்

போன ஞாயிறு நம் சபை ஆராதனையில் நடந்ததை இங்கே பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள். "ஐந்து நிமிஷம் ஆண்டவர் சமுகத்தில் அமைதியாகக் காத்திருப்போம்" என்றுதான் போதகர் சொன்னார். ஒன்றரை நிமிஷம்கூட ஆகவில்லை, கீபோர்டு ஆரம்பித்துவிட்டது. மைக்கில் ஒருவர் "எல்லாரும் சத்தமாக அல்லேலூயா சொல்லுங்கள்" என்கிறார். கேட்டதற்கு, "சும்மா உட்காருவது பர்மாக்காரர் பண்ணுகிற புத்த தியானம் அக்கா, நமக்கு ஆகாது" என்று பதில்.

ஆகாதா? ஈசாக்கு சாயங்காலத்தில் தியானம்பண்ண வெளியே போனார் என்று ஆதியாகமம் 24இல் வாசிக்கிறோமே, அப்போது புத்தர் பிறக்கவே இல்லை. எலியா தீர்க்கதரிசிக்கு முன்னால் பெருங்காற்று வந்தது, பூமியதிர்ச்சி வந்தது, அக்கினி வந்தது. எதிலும் கர்த்தர் இல்லை. அமர்ந்த மெல்லிய சத்தம் அதற்குப் பிறகுதான். 2025 மார்ச் 28இல் சகாயிங் பக்கம் 7.7 அளவில் பூமி குலுங்கியதே, யாங்கோனில் நாமும் தெருவுக்கு ஓடினோமே, அன்று ராத்திரி யாருக்கு ஜெபிக்க வார்த்தை வந்தது?

சங்கீதம் 150இல் கைத்தாளம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நானும் கைதட்டித்தான் பாடுகிறேன். ஐந்து நிமிஷம் அமைதி கேட்டால் ஆராதனைக்கே எதிரியா?

என் அம்மா பக்கவாதத்தில் பேச்சு நின்றபின் மூன்று வருஷம் இருந்தார்கள். விடியுமுன், கரண்ட் இல்லாத வீட்டில், மெழுகுவர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து, மடங்கிப்போன வலது கை விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து வேதப்புத்தகத்தின்மேல் வைப்பார்கள். உதடு மட்டும் அசையும். வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், "வாயைத் திறந்து ஸ்தோத்திரம் சொல்லட்டும், அப்போதுதான் கட்டு அவிழும்" என்று அம்மா எதிரிலேயே சொன்னார். அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். வேதத்தில் பிள்ளைக்காக ஜெபித்த அன்னாளுக்கும் உதடுதான் அசைந்தது. குடித்திருக்கிறாள் என்று ஆசாரியர் ஏலி நினைத்தார். ஆனாலும் விஷயம் தெரிந்ததும் சமாதானத்தோடு போகச் சொன்னார். எங்கள் வீட்டுக்கு வந்தவர் அதைக்கூடச் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டும் என்கிறார்கள். தட்டட்டும், பழகுவார்கள். வெளிப்படுத்தல் 8இல் பரலோகத்திலேயே ஏறக்குறைய அரைமணி நேரம் அமைதி. நாங்கள் கேட்டது ஐந்து நிமிஷம். கீபோர்டு அலறியதும் என் பக்கத்திலிருந்த பாட்டி திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்கள். குவித்த கையை இறக்கவில்லை. எங்கே விட்டோம் என்று தேடுகிறவர்களைப்போல உதடு கொஞ்ச நேரம் அசைந்தது, பிறகு நின்றுவிட்டது.